பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால்: மருத்துவமனை போய்ச் சேரும்வரை

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் புதிதாக ஃபோர்மேன் பொறுப்பேற்றிருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அறையொன்றில் தீப்பிடித்து ஆட்கள் பலத்த காயமடைந்தால், மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை ஆலையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கும் முதலுதவிப் பெட்டி அதற்குப் போதுமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: போதாது. முதல் கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும். தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து, பிறகு ஆலைகளில் முதலுதவிப் பயிற்சி நடத்தியவன் நான். எங்களிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பலருடைய நிலைமை, வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே, ஆலை வாசலில் கழிந்த முதல் அரை மணி நேரத்திலேயே பெருமளவு தீர்மானமாகியிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் அங்கே மருத்துவர் இருக்க மாட்டார், தீயணைப்பு வண்டியும் வந்திருக்காது. நீங்களும் உங்கள் ஆட்களும் மட்டும்தான் இருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதும், விபத்து நடக்காத ஒரு சாதாரண நாளில் எதையெல்லாம் தயாராக வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்ததே.

காயம்பட்டவரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனித இயல்புக்கு மிகவும் எதிரானது அதுதான். அறையை நோக்கி யாரும் ஓடக் கூடாது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை உங்கள் ஆலையில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் முதல் வெடிச்சத்தத்தைக் கேட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து, காப்பாற்ற வேண்டும் என்றோ என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றோ ஓடிவந்தவர்கள். அடுத்து நிகழ்ந்த பெருவெடிப்பு அவர்களைக் கொண்டுபோய்விட்டது. பட்டாசு ஆலையில் முதல் வெடிப்போடு விபத்து முடிந்துவிட்டதென்று ஒருபோதும் எண்ண முடியாது. ஓர் அறையில் கிளம்பிய தீப்பொறியும் பறந்துவிழும் எரிதுண்டுகளும், அடுத்த அறையிலோ வெளியே காயவைத்த சரக்கிலோ மருந்துக் (வெடிக்கலவைக்) கிட்டங்கியிலோ விழுந்து தொடர்ச்சியாகப் பற்றிக்கொள்ளும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே இறந்துபோகும் செய்திகளைப் படிக்கிறோம் அல்லவா, இதுவும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே சத்தம் கேட்ட உடனே எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முன்கூட்டியே தீர்மானித்த கூடுமிடத்துக்கு ஓட வேண்டும். கையில் இருக்கும் மருந்துத் தட்டைக்கூட எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அங்கே ஒருவர் தலை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால், உள்ளே யாரோ இருக்கிறார் என்ற சந்தேகத்தில் ஒருவர்கூட மறுபடி உள்ளே போகத் தேவையில்லை. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், தீ அடங்கியிருக்கிறதா, பக்கத்து அறைகளில் எவ்வளவு மருந்து இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற மூன்றையும் அறிந்த ஒருவர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் அது நீங்களாகவே இருப்பீர்கள். தீயணைப்புத் துறையினர் வந்துவிட்டால் அந்த முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலை எண்ணுவதற்குப் பதிவேடு உண்மையாக இருக்க வேண்டும். ஒரு வேலையறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு உரிமத்தில் இருக்கிறது. ஆனால் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு, தீபாவளி நெருங்கும்போது மரத்தடியிலும் அறை வாசலிலும் கூடுதல் ஆட்களை உட்கார வைத்து வேலை வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. விபத்து நேரத்தில் யார் உள்ளே இருந்தார்கள் என்றே தெரியாமல், ஊரிலிருந்து வந்த உறவினர்கள் மருத்துவமனை வராந்தாவில் பெயர் சொல்லித் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூடுதல் ஆள் வைப்பது விபத்தின் வாய்ப்பை மட்டும் அதிகப்படுத்துவதில்லை, மீட்பவரையும் குருடாக்கிவிடுகிறது. ஃபோர்மேன் என்ற முறையில் உங்களால் வேறு எதை மாற்ற முடியாவிட்டாலும், காலையில் உள்ளே வந்த ஒவ்வொருவரின் பெயரும், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதும் வாசலில் ஒரு தாளில் இருக்கும்படி செய்யுங்கள்.

இனி காயம்பட்டவருக்கு வருவோம். உடையில் தீயோடு ஓடிவருபவரை ஓட விடக் கூடாது. ஓட ஓடத் தீ வளரும், நின்றால் சுடர் முகத்துக்கு ஏறும். தரையில் படுக்க வைத்து உருட்ட வேண்டும், அல்லது கனமான பருத்திப் போர்வையாலோ நனைத்த சாக்காலோ மூடி அணைக்க வேண்டும், அல்லது வாளி வாளியாகத் தண்ணீரை அவர்மேல் கொட்ட வேண்டும். நைலான், பாலியஸ்டர் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதாலும்தான் பருத்தி உடை வற்புறுத்தப்படுகிறது. உடை உரசி எழும் நிலைமின்சாரம் மட்டும் அதற்குக் காரணமன்று.

தண்ணீரைப் பற்றி ஒரு குழப்பம் ஆலைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எரிந்துகொண்டிருக்கும் அலுமினியப் பவுடர்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது உண்மை. தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறித் தீ இன்னும் சீறும், அதற்கு உலர்ந்த மணல்தான் வேண்டும். இந்த விதியைப் பாதி கேட்டுவிட்டு, ‘மருந்து பட்ட ஆளுக்குத் தண்ணீர் ஊற்றாதே’ என்று தடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எரியாத உலர்ந்த மருந்துத் தூள் உடம்பிலோ உடையிலோ அப்பியிருந்தால், முதலில் உலர்ந்த துணியால் அதைத் தட்டிவிட்டு, அந்த உடையையும் களைந்துவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் ரசாயனம் கரைந்து தோலில் தங்கும். நிறைய ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும். அணைந்துவிட்ட தீக்காயத்துக்குத் தண்ணீரைவிடச் சிறந்த முதலுதவி இன்றுவரை இல்லை.

எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தோலின் மேற்பரப்பில் தீ அணைந்த பிறகும் உள்ளே ஏறிய சூடு கீழ்த் திசுக்களைத் தொடர்ந்து வேகவைக்கும். அதை வெளியே இழுக்க, ஓடும் தண்ணீரில் 20 நிமிடங்கள் காயத்தைக் காட்ட வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. ஒரு குழாயிலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் விழுந்தால் ஒருவருக்கு 200 லிட்டர் வேண்டும். ஓர் அறையில் நால்வர் இருந்தால் 800 லிட்டர். உங்கள் ஆலையில் அறைகளுக்கு எட்டிய தூரத்தில், ஆனால் அவற்றை ஒட்டி அல்லாமல், அவ்வளவு தண்ணீர் எப்போதும் இருக்கிறதா? இருந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியிலுள்ள கறுப்புத் தொட்டியின் தண்ணீர் மத்தியானம் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அதைத் தீக்காயத்தில் ஊற்றினால் என்ன ஆகும்? தொட்டிக்கு மேல் ஒரு கொட்டகை போடுங்கள். குழாயைத் திறந்தவுடன் முதலில் உங்கள் புறங்கையில் விட்டுப் பாருங்கள்.

ஐஸ் வேண்டாம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய திசுவையும் சாகடிக்கும். உடம்பின் பெரும்பகுதி வெந்திருந்தால் ஆளை நடுங்கவிடவும் கூடாது. தோல் போன பிறகு உடம்பால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. காயத்தைக் குளிர வைத்துக்கொண்டே, வேகாத பகுதிகளை உலர்ந்த துணியால் மூடுங்கள். நடுக்கம் கண்டால் தண்ணீரை நிறுத்திவிட்டு முழுவதும் போர்த்துங்கள். அடுத்து, நம் வீடுகளில் வழிவழியாக வரும் பூச்சுகள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, வெண்ணெய் என்று நான் காயங்களிலிருந்து சுரண்டி எடுத்தவற்றைக் கொண்டு ஒரு மளிகைப் பட்டியலே எழுதலாம். ஒவ்வொன்றையும் அன்போடுதான் பூசியிருப்பார்கள். ஆனால் அதை எடுக்கும்போது நோயாளி படும் வேதனை ஒருபுறம் இருக்க, காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் போவதும் கிருமி உள்ளே போவதும்தான் பெரிய கேடு. தண்ணீர் ஊற்றி முடித்தபின், துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டியால் தளர்வாக மூடினால் போதும். வாழையிலையைக் கிருமி நீக்கிக் காயத்தின்மேல் போர்த்தும் முறை மருத்துவமனைகளில் உண்டு. அதை நம்பித் தோட்டத்து இலையை வெட்டி வந்து சுற்றிவிடாதீர்கள்.

ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் வெட்டிவிட்டு ஒட்டிய பகுதியை அப்படியே விட வேண்டும். ஆனால் நகைகளைக் கழற்றியே ஆக வேண்டும், அதுவும் முதல் சில நிமிடங்களில். வெந்த உறுப்பு மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகும். அப்போது வளையலும் மோதிரமும் மெட்டியும் கொலுசும் இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிழைத்திருக்கக்கூடிய விரலை அழித்துவிடும். பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோரில் பெண்கள் மிகுதி. கழுத்து வெந்திருக்கும் பெண்ணின் தாலிக் கயிற்றை வெட்டலாமா என்று பக்கத்தில் இருப்பவர்கள் தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவேதான் இதை விபத்து நாளில் அல்லாமல் பயிற்சி நாளிலேயே பெண்களிடம் வெளிப்படையாகப் பேசி, “அப்படி ஒரு நிலை வந்தால் வெட்டி, உறையில் போட்டு, வீட்டாரிடம் கொடுப்போம்” என்று சொல்லி ஒப்புதல் வாங்கி வைக்கச் சொல்கிறேன். உடை களைவதும் அப்படித்தான். ஆண்கள் சுற்றி நிற்கும்போது எரிந்த சேலையை அவிழ்க்க எந்தப் பெண்ணும் விடமாட்டார். நான்கு பருத்திப் போர்வைகளும், மறைத்துப் பிடிக்க இரண்டு பெண்களும், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் இருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பயிற்சிக்கு ஆண் மேற்பார்வையாளர்களை மட்டும் அனுப்பும் ஆலைகளுக்கு இது ஏனோ தோன்றுவதே இல்லை.

அடுத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறிவது. இதில் கண் ஏமாற்றும். அலறிப் புரளுபவரைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள்; அவர் அலறுகிறார் என்றால் அவருடைய மூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். பெரும்பகுதி ஆழமாக வெந்தவர் எழுந்து நடந்து வருவார், தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், “எனக்கு ஒன்றுமில்லை, அவனைப் பாருங்கள்” என்றுகூடச் சொல்வார். ஆழ்ந்த காயத்தில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் வலி குறைவாக இருக்கும். அவர் நடந்து வந்ததை நம்பி அவரைக் கடைசி வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. அதைவிட முக்கியமானது மூச்சுக்குழாய். மூடிய அறைக்குள் தீயிலோ புகையிலோ சிக்கியவர், முகம் வெந்தவர், மூக்கு மயிர் கருகியவர், எச்சிலில் கரி தெரிபவர், குரல் கரகரத்தவர் ஆகியோர் இப்போது நன்றாக மூச்சு விட்டாலும், தொண்டை உள்ளே வீங்கி அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையே அடைபடலாம். அடைபட்ட பிறகு குழாய் செலுத்துவது மிகவும் கடினம். இத்தகையவரை முதல் வண்டியில், படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைத்து அனுப்புங்கள். “குரல் மாறியிருக்கிறது” என்ற இரண்டு சொற்களை மருத்துவரிடம் சொல்லி அனுப்புங்கள். பலத்த காயமடைந்தவர்களுக்குக் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், உதட்டை நனைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டிய திரவம் நரம்பு வழியாகப் போக வேண்டும்.

அந்தத் திரவக் கணக்கை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நீங்கள் தரும் ஒரு தகவலின் மீதுதான் அது நிற்கிறது. தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1 என்பது பெரியவர்களுக்கான எளிய அளவு. விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை ஏறத்தாழ 1 சதவீதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால், பரவலாகப் பயன்படும் ஒரு கணக்குப்படி, கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 4 மில்லிலிட்டர் வீதம், முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லிலிட்டர் வரை திரவம் தேவைப்படலாம்; அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து அன்று, தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. பத்தரை மணிக்கு நடந்ததை ‘காலையில்’ என்று சொல்லி அனுப்பினால் அந்தக் கணக்கே தவறிவிடும். ஒரு சீட்டில் நேரம், மூடிய இடமா திறந்த இடமா, எந்த மருந்து, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்ற நான்கையும் எழுதி அவருடைய உடையில் குத்தி அனுப்புங்கள். இந்தத் தொழிலில் ‘மருந்து’ என்றால் வெடிக்கலவை. மருத்துவமனையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ‘மருந்து பட்டுவிட்டது’ என்று எழுதாமல் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், பேரியம் நைட்ரேட் என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். பேரியம் உடலுக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே அனுப்புவது? மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் தீக்காயத்துக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஆனால் சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மூச்சுப் பாதை வீங்கிக்கொண்டிருப்பவரையும், டிரிப் ஏற்றாதவரையும் நேரே அவ்வளவு தூரம் கொண்டுபோவது சூதாட்டம். முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மூச்சையும் திரவத்தையும் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு மாற்றுவதே முறை. 2008 முதல் இயங்கும் 108 சேவையை அழைக்கும்போது ‘விபத்து’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை பேர், தீக்காயமா வெடிக்காயமா, ஆலைக்கு எந்தப் பாதையில் வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். பொட்டல் காட்டுக்குள் இருக்கும் ஆலைக்கு வழிகாட்ட ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். போலீஸ் வழக்கு என்று சொல்லித் தனியார் மருத்துவமனை சேர்க்க மறுத்தால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை; உயிர் காக்கும் சிகிச்சைதான் முதல் கடமை, நடைமுறைகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

வெடிக்காயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீய்ச்சி அடிக்கும் இரத்தத்தைச் சுத்தமான துணியால் நேரே அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். எட்டிப் பார்க்கத் துணியை எடுக்கக் கூடாது, ஊறினால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்த வேண்டும். கையோ காலோ சிதைந்து, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின்மேல் அல்லாமல், அகலமான பட்டையால் இரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வழியில் தளர்த்திப் பார்க்கக் கூடாது. மெல்லிய கம்பியும் சணல் கயிறும் சதையை அறுக்கும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். ஐஸுக்குள் நேரே போட்ட விரல் உறைந்து, ஒட்டவைக்கப் பயன்படாமல் போகும். உடலில் குத்தி நிற்கும் தகரத்தையோ மரச் சிம்பையோ பிடுங்காதீர்கள். வெடிப்புக்கு அருகில் இருந்து கீறல்கூட இல்லாமல் தப்பியவரை வீட்டுக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். அதிர்வலையால் நுரையீரலிலும் குடலிலும் ஏற்படும் காயம் பிறகுதான் வெளிப்படும். நைட்ரஜன் ஆக்சைடு கலந்த புகையைச் சுவாசித்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நுரையீரலில் நீர் கோக்கலாம். காது கேட்கவில்லை என்று சொல்பவரைக் கட்டாயம் மருத்துவமனையில் காட்டுங்கள்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். 150 தொழிலாளர்களுக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், அது பயிற்சிச் சான்று பெற்றவர் பொறுப்பில் எளிதில் எட்டும்படி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறையே வேண்டும் என்றது. சட்டம் எந்தப் பெயரில் மாறினாலும், சாவி மேனேஜர் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியைப் பெட்டி என்று எண்ண முடியாது. பூட்டை எடுத்துவிடுங்கள். பஞ்சையும் சின்னஞ்சிறு பிளாஸ்திரிகளையும் குறைத்துக்கொண்டு, பெரிய கட்டுத் துணிகள், உடையையும் நகையையும் வெட்ட உறுதியான கத்தரி, முறுக்கிக் கட்டும் பட்டை இரண்டு, கையுறை, துவைத்த வேட்டிகள், போர்வைகள், பேனா, சீட்டு, தூக்குப் படுக்கை ஆகியவற்றை வையுங்கள். அதை மருந்து அறைகளின் பக்கம் வைக்காமல் கூடுமிடத்தில் வையுங்கள், ஏனென்றால் நீங்கள் சிகிச்சை செய்யப்போவது அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வரும் நாளில் நடக்கும் ஒத்திகையை நான் ஒத்திகையாகக் கருதுவதில்லை. ஆட்கள் கூடி, வேலை நெருக்கும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை மணி அடித்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் தலை எண்ணி முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டிகள் போன பிறகும் உங்கள் வேலை முடியவில்லை. சம்பவ இடத்தை ஒழுங்குபடுத்த யாரையும் அனுப்பாதீர்கள். வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆய்வு செய்யும்வரை அதைக் கலைக்கக் கூடாது என்பது சட்டம். அதைவிட, தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்து கிடக்கும் அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த மருந்து தானாகவே மெல்லச் சூடேறி, மணிக்கணக்கில் கழித்துத் தீப்பிடிக்கக்கூடியது என்பதே எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. காவல் நிலையத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தகவல் சொல்வதோடு, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விபத்து அறிக்கையையும் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒரே நாள் ஆகியிருந்தாலும், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உரிமை உண்டு. தற்காலிக முடக்கத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பதிவே இல்லாதவரின் குடும்பம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட வழியில் போக வேண்டியிருக்கும். அங்கே அவர் அந்த ஆலையில்தான் வேலை செய்தார் என்று காட்ட, காலையில் வாசலில் எழுதிய அந்தத் தாள்தான் முதல் சான்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. கை வெந்து பிழைத்தவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருடைய விரல்கள் மடங்கத் தொடங்கும். ஆறும் தழும்பு சுருங்கி இழுக்கும் என்பதால், இரவில் கையை விரித்துக் கட்டும் அட்டையையும், மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக, இறுக்கமான உறையையும் அணிய வேண்டும். நாள்தோறும் விரல் பயிற்சியும் செய்ய வேண்டும். அது வலிக்கும், அரிக்கும். வேலை இல்லாமல் கடனோடு உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் மாதமே அதைக் கழற்றி வைத்துவிடுவார். மறுபரிசோதனைக்கு மதுரை போய்வர வண்டியை ஆலை ஏற்பாடு செய்தால் அவர் போவார், இல்லாவிட்டால் போகமாட்டார். அனுபவத்தில் நான் கண்டது அவ்வளவுதான். மீண்டும் வேலைக்கு வரும்போது அவரை மருந்து அறைக்கு அனுப்பாமல், பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலை கொடுங்கள். விரல்களுக்கும் அது நல்லது. ஆனால் ஒட்டுத்தோல் வியர்க்காது, வெயில் பட்டால் எரியும். ஆகவே அவருக்கு உட்கார நிழலும், மின்விசிறியை அனுமதிக்கும் கட்டடமுமாகப் பார்த்துக் கொடுங்கள்.